கோடைக்கு ஏற்ற சட்டை

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அஃது ஒரு பேரூராட்சி. தை மாதம் ஐந்தாம் நாள் அங்கே ஆற்றுத் திருவிழா நடைபெறும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக அங்கு எழுந்தருளுவார். சுற்றுப்புற ஊர்களின் மக்கள் திரண்டு வருவர். அந்நாளில் ஆற்றங்கரைக் காற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். எவ்வகை ஆடையை உடுத்தினாலும் உடல் பொறுத்துக்கொள்ளும்.

சித்திரை பிறந்த பின் நிலைமை வேறு. ஆற்று மணல் கால் வைக்க ஒண்ணாதவாறு சுடும். அக்கினி நட்சத்திர நாள்களில் நண்பகலில் வெளியே செல்வோர் குடையை நாடுவர். குடையில்லாதவர் துண்டால் தலையை மூடிக்கொள்வர். உழவர் பொழுது ஏறுமுன் வேலையை முடித்துக்கொள்வர். வெயிலுக்கு ஏற்பத் தம் வாழ்வை அமைத்துக்கொள்ளும் அறிவு அவர்களிடம் நிறைய உண்டு. ஆயினும், உடுக்கும் உடையில் மட்டும் அவ்வறிவு இக்காலத்தில் குறைந்து வருகின்றது. செயற்கை இழையால் ஆகி, மார்பையும் தோளையும் இறுகப் பற்றிய சட்டைகளைச் சிறுவரும் பெரியவரும் கோடையிலும் அணிகின்றனர். தலைக்கு நிழல் தேடுகின்றவர், உடம்புக்குக் காற்றுத் தேட மறந்துவிடுகின்றனர்.

இதற்கு ஏற்ற மருந்து அரிதும் அன்று. விலை மிகுந்ததும் அன்று. ஒன்றேகால் மீட்டர்ப் பருத்தித் துணி, ஓர் ஊசி, சிறிது நூல், ஒரு கத்தரிக்கோல் ஆகியவை போதும். கோடைக்கு ஏற்ற எளிய சட்டை ஒன்றைத் தானே வெட்டித் தைக்கும் பயிற்சியை, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, ஒவ்வொரு மாணவரும் பள்ளியிலேயே பெறுதல் வேண்டும். அப்பயிற்சியால் உடல் நலம் மட்டும் அன்றி, உள்ளத்தின் தெளிவும் வளரும்.

வெப்பத்தை உடல் எவ்வாறு தணித்துக்கொள்கிறது என்பதை முதலில் அறிதல் நலம். உடல் சூடேறும்பொழுது வியர்வை சுரக்கும். அவ்வியர்வை காற்றில் ஆவியாகும்பொழுது உடலின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்லும். வெறுமே வழிந்து சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும். ஆகவே, கோடை உடைக்கு இரண்டு பண்புகள் வேண்டும். ஒன்று, ஈரத்தை உறிஞ்சி வெளிவிடுதல். மற்றொன்று, உடலுக்கும் துணிக்கும் இடையே காற்று இயங்க இடம் தருதல்.

முதற் பண்பு பருத்தியிடம் உண்டு. காற்றில் அளவான ஈரம் உள்ளபொழுது பருத்தி நூல் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று நிற்கும். பாலியெஸ்டர் இழையோ அரை விழுக்காடு ஈரத்தைக்கூட ஏற்பதில்லை. எனவேதான் செயற்கை இழைச் சட்டை, வியர்த்தவுடன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் பண்பு துணியில் இல்லை. தைக்கும் முறையில் இருக்கிறது. நல்ல பருத்தித் துணியையும் இறுகத் தைத்தால் பயன் குறையும். பாலைநிலத்தில் வாழும் அரபு மக்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை தொங்கும் தளர்ந்த அங்கியை அணிகின்றனர். உடலை மூடியும் அவர்கள் வெப்பத்தைத் தாங்குவதற்கு அந்தத் தளர்ச்சியே காரணம். வெயிலைத் தடுக்கத் துணி வேண்டும். வியர்வையைப் போக்கக் காற்று வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தருவது தளர்ந்த பருத்திச் சட்டை ஒன்றே.

தமிழர்க்குத் தையற்கலை புதிதன்று. தைத்தலைத் 'துன்னம்' என்று பழந்தமிழர் வழங்கினர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மக்களைக் கூறுமிடத்துத் துன்னகாரரையும் குறிப்பிடுகின்றது. முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த சட்டைக்கு 'மெய்ப்பை' என்னும் அழகிய பெயர் வந்துள்ளது. மெய் புகும் பை என்பது அதன் பொருள். பொருநராற்றுப்படையில் இன்னும் ஒரு நயமான செய்தி உண்டு. வியர்வையால் நனைந்து, வேறு நூலால் தைக்கப்பெற்ற கந்தையை உடுத்தி வந்த பொருநனுக்குக் கரிகாலன் பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடையை அளித்தான் என்று அந்நூல் கூறுகின்றது. பசித்து வந்தவனுக்கு ஊன்சோறு அளித்த மன்னன், அவன் உடுத்திருந்த ஆடையின் துன்பத்தையும் கண்டான். வெயில் நாட்டில் மெல்லிய ஆடையும் ஒரு கொடையே அன்றோ?

ஆயினும், தைத்த மேலாடை எல்லார்க்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. இன்று தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள கன்னியாகுமரி மாவட்டம், 1956-ஆம் ஆண்டுக்கு முன் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. அந்நாட்டில் நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணிதல் ஆகாது என்னும் கொடிய கட்டுப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலவியது. அதை எதிர்த்து எழுந்ததே தோள்சீலைப் போராட்டம். 1814-ஆம் ஆண்டில், கிறித்தவ சமயம் தழுவிய பெண்கள் 'குப்பாயம்' என்னும் எளிய தைத்த சட்டையை அணியலாம் என்று ஆணை பிறந்தது. அதன் பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. சட்டை அணிந்த பெண்கள் தெருவில் தாக்கப்பட்டனர். அவர்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பே நாடார்ப் பெண்கள் அனைவரும் மேலாடை அணிய வழி செய்தது. அப்பொழுதும், உயர்ந்தோர் எனப்பட்ட பெண்களைப் போல உடுத்தலாகாது என்னும் தடை அதில் இருந்தது.

அப்பெண்கள் கேட்டது பட்டும் அன்று, பொன்னிழையும் அன்று. உடலை மானத்தோடு மறைக்கும் மேலாடை ஒன்றையே கேட்டனர். அதற்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு போராடினர். ஆதலின், எளிய சட்டை எனக் கூறி அதனை இகழ்தல் பொருந்தாது. அதன் ஒவ்வொரு தையலிலும் மானத்தின் வரலாறு இருக்கிறது.

இனி, அத்தகைய சட்டையைத் தைக்கும் முறையைக் காண்போர், அஃது எத்துணை எளிது என்பதை உணர்வர். மார்பின் சுற்றளவு 28 அங்குலம் உள்ள ஒரு சிறுவனையோ சிறுமியையோ எடுத்துக்கொள்ளலாம். காற்று உலவுவதற்காக 6 அங்குலம் கூட்டினால் 34 ஆகும். அதில் பாதி 17. இரு பக்கத்துத் தையலுக்கும் அரை அரை அங்குலம் சேர்த்தால் அகலம் 18 அங்குலம். சட்டையின் நீளம் 22 அங்குலம். அடி மடிப்புக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் 23. முன்னும் பின்னும் ஒரே துணியாக, தோளில் மடிப்பு வருமாறு வெட்டினால் 46 அங்குல நீளம் வேண்டும். ஆகவே, 36 அங்குல அகலமுள்ள துணியில் ஒன்றேகால் மீட்டர் போதும். உடற்பகுதியை எடுத்த பின் எஞ்சும் பாதியில், 15 அங்குல அகலமும் 8 அங்குல நீளமும் உடைய இரண்டு கைகளை வெட்டிக்கொள்ளலாம். எல்லாம் நேர்கோடுகளே. கணக்குப் பாடத்தில் செவ்வகத்தைக் கற்ற மாணவர் எவரும் இதனைத் தாமே வரைய இயலும்.

துணியை வாங்கியவுடன் வெட்டுதல் தவறு. பருத்தி நீர் பட்டால் சுருங்கும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சுருக்கம் நீக்கிய பின்னரே அளவிடுதல் வேண்டும். மல், வாயில், கைத்தறித் துணி ஆகியவற்றுள் எதுவும் ஏற்றதே. வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் ஆதலின் அதுவே சிறந்தது. முதன்முறை தைப்பவர் பழைய நூல் வேட்டியிலோ சேலையிலோ பழகிப் பார்க்கலாம். துவைத்துத் துவைத்து மென்மையடைந்த வேட்டியைக் கிழித்துக் கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கமானதே.

கழுத்தை வெட்டும்பொழுது கவனம் வேண்டும். தோள் மடிப்பின் நடுவே 6 அங்குல அகலமும், முன்புறம் 4 அங்குல ஆழமும், பின்புறம் ஓர் அங்குல ஆழமும் வைத்து வளைவாக வெட்ட வேண்டும். தலை நுழைவதற்காக முன்புறம் 4 அங்குலம் நேராகக் கீறிவிட வேண்டும். கழுத்தைப் பெரிதாக வெட்டிவிட்டால் மீண்டும் ஒட்ட முடியாது. சிறிதாக வெட்டினால் பின்னர்ப் பெரிதாக்கலாம். தையற்காரர் அனைவரும் அறிந்த நெறி இது. கழுத்தின் ஓரத்தைத் துணியின் மூலைவாட்டில் வெட்டிய பட்டி கொண்டு மடித்துத் தைக்க வேண்டும். தையற்காரர் இதனைக் கிராஸ் பீஸ் என்பர். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுத்தால் நீளும். அதனால் வளைவில் சுருக்கமின்றிப் படியும்.

கழுத்து முடிந்தபின், கையின் நடுப்பகுதி தோள் மடிப்பில் பொருந்துமாறு வைத்து இணைத்தல் வேண்டும். பின்னர், கையின் ஓரத்தில் தொடங்கி அக்குள் வழியாக அடிவரை இரு பக்கமும் ஒரே ஓட்டமாகத் தைத்தல் வேண்டும். முதலில் நீண்ட ஓட்டுத் தையலால் இணைத்து, உடுத்திப் பார்த்து, பிழை இருந்தால் திருத்திய பின் பின்தையலால் உறுதிப்படுத்தலாம். முன்னே சென்ற ஊசி ஒவ்வொரு முறையும் சிறிது பின்வாங்கி மீண்டும் முன்னேறுவதால் பின்தையல் எளிதில் பிரியாது. அடியில் இரு பக்கமும் 3 அங்குலம் தைக்காமல் விட்டால் நடக்கவும் குனியவும் எளிதாகும். இறுதியில் கைகளின் ஓரத்தையும் அடி ஓரத்தையும் மடித்துத் தைத்தால் சட்டை முடிந்தது. பழகாதவர்க்கும் சில மாலைப் பொழுதுகளே செல்லும்.

கையால்தான் தைக்க வேண்டுமா, பொறியால் தைக்கலாகாதா என்று சிலர் வினவலாம். பொறி வாய்ப்பின் பொறியாலும் தைக்கலாம். 1924-ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் காந்தியடிகளிடம், எந்திரங்கள் அனைத்தையும் வெறுக்கின்றீர்களா என்று கேட்டார். அடிகள் அதனை மறுத்து, சிங்கர் தையற்பொறியை விலக்காக எடுத்துக்காட்டினார். தன் மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு, அவளிடம் கொண்ட அன்பினால் சிங்கர் அதனை ஆக்கினார் என்பது அடிகளின் கருத்து. அந்த இராமச்சந்திரனே பின்னர்ச் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். பொறி மனிதனின் உழைப்பைக் குறைக்கலாம். மனிதனின் அறிவைக் குறைத்தலாகாது. கையால் ஒரு சட்டையைத் தைத்தவர் பொறியை ஆள்வார். கைத்தையலே அறியாதவர்க்குப் பொறியில் நூல் அறுந்தால்கூடக் காரணம் விளங்காது.

ஆயத்த ஆடை மலிந்த இக்காலத்தில் வீட்டில் தைப்பது வீண் உழைப்பு என்பது மற்றொரு தடை. கடையில் குறைந்த விலைக்குச் சட்டை கிடைப்பது உண்மையே. ஆனால், அந்தக் குறைந்த விலையைச் செலுத்தியவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஏப்பிரல் 24-ஆம் நாள், வங்காள தேசத்தின் டாக்கா நகர் அருகே சாவார் என்னும் இடத்தில் இராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் பல ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கின. சுவரில் வெடிப்புகள் முந்திய நாளே காணப்பட்டன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தைக்கும் தொழிலாளர் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்கள் தைத்த ஆடைகள் கடல் கடந்த நாடுகளில் மலிவான விலைக்கு விற்கப்பட்டன.

ஆயத்த ஆடையை எவரும் வாங்கலாகாது என்பது இதன் கருத்தன்று. திருப்பூரில் இலட்சக்கணக்கானோர் அத்தொழிலால் வாழ்கின்றனர். ஆயினும், ஒரு சட்டைக்குள் எத்தனை மணி நேர உழைப்பு அடங்கியுள்ளது என்பதைத் தன் விரலால் உணர்ந்தவரே அதன் நேர்மையான விலையை அறிவார். அவர் மலிவு கண்டு மயங்கிப் பத்துச் சட்டைகளை வாங்கி, இருமுறை உடுத்தி எறிய மாட்டார். பொத்தான் அறுந்தால் தைத்துக்கொள்வார். கிழிந்தால் ஒட்டுப் போடுவார். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி தூய்மையை மட்டும் கூறவில்லை. உள்ளதைப் பேணும் பண்பையும் கூறுகின்றது.

அவரவரே தைத்துக்கொண்டால் தையற்காரரின் பிழைப்பு என்னாவது என்று இரங்குவோரும் உளர். அவ்விரக்கம் நல்லதே. ஆனால், சிறிய ஊர்களின் தையற்காரரிடமிருந்து வேலையைப் பறித்தது வீட்டு ஊசியன்று. ஆயத்த ஆடைக் கடையே. துணி வாங்கித் தைக்கும் பழக்கம் நாட்டில் பெருகினால் தையற்காரரையும் மக்கள் மீண்டும் நாடுவர். எளிய சட்டையைத் தானே தைப்பவர், அளவு மிகுந்த நுட்பமான ஆடைக்குத் தையற்காரரிடமே செல்வார். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்கவும் அவர் மனம் இசையாது. வீட்டில் சமைப்பவர் நல்ல சமையற்காரரின் அருமையை அறிவது போன்றது இது.

இவ்வெல்லாத் தடைகளிலும் வலியது, தையல் பெண்களின் வேலை என்னும் எண்ணமே. இஃது உண்மையன்று. கடைத்தெருவில் பொறிமுன் அமர்ந்து கூலிக்குத் தைப்போருள் ஆடவர் பலர். வலையின் கிழிசலை மீனவர் தம் கையாலேயே பின்னிச் சரிசெய்கின்றனர். கூலி கிடைக்குமிடத்தில் ஆணுக்கு உரியதாக இருக்கும் ஊசி, கூலியில்லாத வீட்டில் மட்டும் பெண்ணுக்கு உரியதாகிவிடுவது எவ்வாறு பொருந்தும்? தன் சட்டையின் பொத்தானைத் தைக்கத் தாயையோ தமக்கையையோ எதிர்நோக்கி நிற்கும் இளைஞன், எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும் ஒருவகையில் குழந்தையே. 'தன் கையே தனக்கு உதவி' என்பது இருபாலார்க்கும் பொதுவான மொழி.

பள்ளிக்கும் தையலுக்கும் ஏற்கெனவே நெருங்கிய தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு அரசு விலையின்றிச் சீருடை வழங்குகின்றது. அவற்றைத் தைப்போர் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் தைத்த சட்டையை வேறோர் ஊரில் ஒரு குழந்தை அணிந்து வகுப்பில் அமர்கின்றது. அணியும் குழந்தைக்கு அத்தாயின் உழைப்புத் தெரிவதில்லை. ஒருமுறையேனும் தானே தைத்துப் பார்த்தால் தெரியும். 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபொழுது, கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் சமூகமும் கற்பிக்கலாம் என்றார். சட்டை ஒன்றில் இம்மூன்றும் அடங்கியுள்ளன. அளவில் கணக்கு உள்ளது. பருத்தியில் அறிவியல் உள்ளது. குப்பாயத்தில் சமூக வரலாறு உள்ளது.

வாரம் இரண்டு பாடவேளை வீதம் ஒரு பருவத்தை ஒதுக்கினால் ஒரு வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு சட்டையைத் தைத்து முடிக்கலாம். மணலூர்பேட்டை போன்ற ஊர்களின் பள்ளிகளில் இதனைத் தொடங்குதல் அரிதன்று. அங்கே துணிக்கடை உண்டு. கற்பிக்கத் தையற்காரர் உண்டு. உடுத்துவதற்குக் கோடையும் உண்டு. முதற் சட்டையின் தையல் கோணலாக இருக்கலாம். ஒரு கை மற்றொன்றினும் சிறிது நீண்டிருக்கலாம். அதனால் குறைவு ஒன்றும் இல்லை. தை மாதத்தில் ஊசியைக் கையில் எடுக்கும் மாணவர், சித்திரை வெயில் வருமுன் தாம் தைத்த சட்டையை அணிந்துகொள்வர். அடுத்த சட்டையை அவர்கள் தம் தம்பிக்கோ தங்கைக்கோ தைத்துக் கொடுப்பர்.